இழை எண்ணியவர் தந்த கடைசி இலக்கம்

நகரியில் எங்கள் தறிக்கூடத்தில், அப்பா துணிமேல் லென்ஸை வைத்து, ஊசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ணுவார். ஓர் அங்குலத்தில் நீளவாட்டில் ஓடும் பாவு எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை எத்தனை? நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

இந்த வேலைக்கு ஒரு கருவி செய்தவர் ஹான்ஸ் பீட்டர் லூன். 1896-இல் ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்கா போய், ஜவுளித் தொழிலில் இருந்தவர். அவருடைய லூனோமீட்டர், நுண்கோடுகள் கீறிய கண்ணாடி போன்ற தகடு. துணிமேல் வைத்தால் கோடுகளும் இழைகளும் சேர்ந்து அலைபோல ஒரு வடிவம் காட்டும். அது விழும் இடத்திலுள்ள எண்ணைப் படித்தால் போதும்.

1941-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். பெரிய பட்டியலில் வேண்டியதைச் சட்டென்று தேடும் ஹாஷிங் முறையை 1953-இல் எழுதி வைத்தவர்களில் முன்னோடி அவர். ஆனால் எனக்குப் பிடித்தது, 1954-இல் அவர் காப்புரிமை கேட்ட கையடக்க இயந்திரம். எண்ணைப் பார்த்து எழுதும்போது கை தவறினால் அது காட்டிக்கொடுக்கும். அந்தக் கணக்குதான் இன்று ஏடிஎம் கார்டிலும் போனிலும் இருக்கிறது.

518 என்ற எண்ணை எடுப்போம். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்க வேண்டும். 8 இரட்டித்தால் 16, அது 7 ஆகும். 1 அப்படியே. 5 இரட்டித்தால் 10, அது 1 ஆகும். கூட்டினால் 9. பத்தாக்க இன்னும் 1 தேவை. அதைக் கடைசியில் ஒட்டினால் 5181.

யாரோ அவசரத்தில் 5811 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். ஒட்டிய கடைசி 1-ஐ இரட்டிக்காமல் அப்படியே சேர்த்தால், இப்போது கூட்டுத்தொகை 12. பத்தால் வகுபடவில்லை, பிழை மாட்டிக்கொண்டது. இரட்டிக்காமல் வெறுமனே கூட்டியிருந்தால் இடம் மாறியது தெரியவே தெரியாது, சூட்சுமமே அங்கேதான். ஓர் இலக்கம் மட்டும் தவறினால் எப்போதும் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், 09-ம் 90-ம் தவிர. 9-ஐ இரட்டித்தாலும் திரும்ப 9-தானே வருகிறது!

போனில் ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் அழுத்தினால் அந்தப் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். அதன் கடைசி இலக்கம் லூன் கணக்குப்படி வைத்தது. அப்பாவிடம் சொன்னேன். பழைய பில்லின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தார்: 60. பக்கத்திலிருந்த தறி மேஸ்திரியின் போனையும் வாங்கிக்கொண்டார்.