மூளை ஸ்கேன் உங்கள் பிள்ளையைக் காட்டிக்கொடுக்காது

"தம்பி, என் மகன் வேப் அடிக்கிறானா இல்லையான்னு ஸ்கேன்ல பார்த்துச் சொல்லிடுங்களேன்." வேப் என்றால் மின்சிகரெட். போன வாரமும் ஓர் அம்மா இப்படிக் கேட்டார். மகனிடமும், "மெஷின்ல படுத்தா உன் குட்டு வெளிப்பட்டுடும்" என்று மிரட்டியிருக்கிறார். அவன் ஆய்வுக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டான். வேறென்ன செய்வான்? இளையரின் மூளையையும் போதைப்பழக்கத்தையும் ஆராயும் குழுவில் உதவியாளராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது.

நாங்கள் எடுக்கும் ஸ்கேன் எம்ஆர்ஐ, அதாவது காந்தத்தால் மூளையைப் படமெடுப்பது. அது பொய் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. போதைப்பொருள் சோதனையும் இல்லை. அதற்குச் சிறுநீர்ச் சோதனை இருக்கிறது. எங்கள் படத்தில் தெரிவது, ஒரு வேலையைச் செய்யும்போது மூளையின் எந்தப் பகுதியில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுகிறது என்பதுதான். பழக்கம் உள்ள பலரின் படங்களையும் இல்லாத பலரின் படங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். அப்போதும் இரு தரப்பும் பெரிதும் கலந்தே கிடக்கும். ஒரே ஒரு பையனின் படத்தைக் கையில் கொடுத்தால் அவன் எந்தப் பக்கம் என்று என்னாலும் சொல்ல முடியாது, எங்கள் பேராசிரியராலும் முடியாது. முந்தைய இரவு தூங்காதது, காலையில் குடித்த கோப்பி, உள்ளே தலையை லேசாக அசைத்தது எல்லாமே படத்தை மாற்றும். சரி, வேறுபாடு தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது பழக்கத்தால் வந்ததா, முன்பே இருந்து பழக்கத்தின் பக்கம் தள்ளியதா? ஒரு ஸ்கேன் அதற்குப் பதில் சொல்லாது. இளையரின் மூளை வளர்ச்சியைப் பார்க்கும் அமெரிக்காவின் ஏபிசிடி ஆய்வு 9, 10 வயதிலேயே ஏறத்தாழ 12,000 பிள்ளைகளைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தொடர்வது இதனால்தான்.

அடிமைத்தனத்தைப் பேசித்தான் கண்டறிகிறார்கள். மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்கு 11 அறிகுறிகள் உண்டு. 12 மாதங்களுக்குள் அவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். விட நினைத்தும் முடியவில்லையா, படிப்பு கெட்டும் தொடர்கிறதா என்று கேட்பார்கள். தோளுக்குப் பின்னால் அம்மா நின்றால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் பதில் வரும். தயவுசெய்து வெளியே உட்காருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, அவன் சொன்னதை எங்களிடம் கேட்காதீர்கள்.

ஆய்வுக்கு வருவதானால், கதிர்வீச்சு இல்லை, பயம் வேண்டாம். காந்தம் மட்டும் விளையாட்டில்லை. தாயத்து, அரைஞாண், தோடு, கைக்கயிற்றில் கோத்த உலோக மணி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். பல்லில் கம்பி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நாங்கள் பார்க்க வேண்டிய மூளையின் முன்பகுதியைத்தான் அது படத்தில் மங்கலாக்கும். அப்புறம், இது மருத்துவப் பரிசோதனையும் அல்ல, "எல்லாம் நார்மல்" என்று சான்றிதழ் தர மாட்டோம்.

மகன் மேல் உண்மையிலேயே சந்தேகமா? கேபோட் எனப்படும் போதை வேப்பில் கலக்கும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து சிங்கப்பூரில் 2025 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது, காத்திருக்காதீர்கள். தாமாக முன்வந்து வேப்பை விட உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசு அறிவித்திருக்கிறது. அதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் போதைப்பழக்க உதவி எண் 6732 6837. அவனோடு உட்கார்ந்தே அழையுங்கள்.