அந்தத் துண்டைக் கிழிக்காதீங்க

போன கிழமை எங்கட பலியேட்டிவ் கிளினிக்கில ஒரு அம்மா எனக்கு முன்னால கதிரையில இருந்து, ஹேண்ட்பேக்க மடியில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, "மிஸ், வாட்டில தந்த துண்ட நான்தான் கிழிச்சுப் போட்டன், சாகப்போற ஆக்கள் போற இடத்துக்கு என்ட பிள்ளைய ஏன் அனுப்பணும் எண்டு நினைச்சிட்டன்" எண்டு சொல்லி அழுதா. பிள்ளைக்கு 23 வயசு, சிக்கிள் செல் வருத்தம், அதாவது ரத்தத்தில சிவப்பு செல் வளைஞ்சு போற, பிறவியிலயே வாற வருத்தம். இந்தக் கதைய இந்த வருசத்தில நான் கேக்கிறது நாலாவது தரம், அதாலதான் இண்டைக்கு எழுதியே ஆகணும் எண்டு இருந்திட்டன். (ஆரெண்டு தெரியாம இருக்க சில விசயத்த மாத்தித்தான் எழுதுறன்.)

மூண்டு மாசத்துக்கு முதல் வாட்டில இருந்து வீட்ட போகேக்க பலியேட்டிவ் கிளினிக்குக்கு வரச்சொல்லி துண்டு குடுத்திருக்காங்க. குடுத்தவங்க அது என்ன கிளினிக் எண்டு ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லயில்ல. வீட்ட போய் சொந்தக்காரப் பொடியன் ஒராள் போன்ல தேடிப் பாத்திட்டு, மாமி இது கேன்சர் முத்தி கடைசி நேரத்தில இருக்கிற ஆக்களுக்கு எண்டு சொல்லியிருக்கான். அவ்வளவுதான், துண்டு கிழிஞ்சிட்டு, பிள்ளைக்கும் சொல்லயில்ல. பிறகு கச்சான் காத்து தொடங்கின நேரம் பிள்ளைக்கு முதுகும் தொடையும் நோகத் தொடங்கியிருக்கு. அஞ்சு நாள் வீட்டில வச்சு பனடோல், தைலம், அதோட நோகிற இடத்தில துவாயில சுத்தி ஐஸ். அஞ்சாம் நாள் காய்ச்சல், நெஞ்சு நோ, மூச்செடுக்க ஏலாது, 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ்ல கொண்டுவந்து, ஒக்சிசன், ரத்தம், ஐசியூ. பிள்ளை தப்பிட்டா. ஆனா அந்த அஞ்சு நாள் நோவ அவ அனுபவிச்சிருக்கத் தேவையே இல்ல.

நான் இத எத்தின தரம் எண்டாலும் சொல்லுவன். பலியேட்டிவ் கேர் எண்டா, அதாவது நோய் தணிப்புப் பராமரிப்பு எண்டா, சாவுக்குத் தயார்படுத்துற இடம் எண்டு அர்த்தம் இல்ல. பெரிய வருத்தம் ஒண்டோட வாழுற ஆளுக்கு நோவு, களைப்பு, பயம், வீட்டுப் பிரச்சினை, படிப்பு, காசு எல்லாத்தையும் சேத்துப் பாக்கிறதுதான் அது. பிள்ளைகளுக்கு எண்டா வருத்தம் கண்டுபிடிச்ச நாளில இருந்தே இது தொடங்கணும் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆக்கள் ஏன் பயப்பிடுறாங்க எண்டு எனக்கு விளங்காம இல்ல. சிசிலி சாண்டர்ஸ் எண்ட இங்கிலாந்து டொக்டர் 1967ல லண்டன்ல புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸ தொடங்கினதே கூடுதலா கேன்சர் ஆக்களுக்காகத்தான், எங்கட சனத்துக்கும் மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரி எண்ட பேரோடதான் இந்தச் சொல் ஒட்டிக் கிடக்கு. ஆனா நோவு எண்டது உடம்பில மட்டும் இல்ல, மனசிலயும் குடும்பத்திலயும் இருக்கு எண்டு சாண்டர்ஸ் சொன்ன விசயம் சிக்கிள் ஆக்களுக்குப் பொருந்துற மாதிரி வேற ஆருக்கும் பொருந்துமா எண்டு நான் யோசிக்கிறனான். கேன்சர்ல நோவு அநேகமா ஒரு கட்டத்தில வரும், சிக்கிள்ல கை கால் வீங்கி அழுகிற ஒரு வயசுக் குழந்தையில இருந்தே நோவுதான் வருத்தம். 23 வருசமா நோவோட இருக்கிற ஒரு ஆளுக்கு நோவப் பாக்கிற கிளினிக் தேவையில்லையா? எங்களிட்ட வந்தா ரத்தக் கிளினிக்க நிப்பாட்டணும் எண்டும் இல்ல. நோவு வாறதக் குறைக்கிற ஹைட்ராக்சியூரியா குளிசை தொடரும், தேவையெண்டா ரத்தம் ஏத்துறது தொடரும், எலும்பு மச்சை மாத்துறதுக்குப் பாக்கிற பிள்ளைக்கும் நாங்க பக்கத்தில இருப்பம். எல்லாம் ஒண்டாத்தான் போகும்.

செல் ஏன் அரிவாள் மாதிரி வளையுது எண்டதெல்லாம் விளக்கப் போகயில்ல, வளைஞ்ச செல் சின்ன ரத்தக்குழாய அடைக்கும், ஒக்சிசன் போகாது, அந்த இடம் நோகும், இது போதும். எங்கட நாட்டில தலசீமியா எண்ட மற்றப் பிறவி ரத்த வருத்தத்த ஆக்களுக்குத் தெரியும், சிக்கிள் குறைவு. ஒரு பக்கத்தால சிக்கிளும் மறுபக்கத்தால பீட்டா தலசீமியாவும் வந்த பிள்ளைகளும் இருக்கு. குறைவா இருக்கிறதால வேலை செய்ற எங்களுக்கே பழக்கம் இல்ல, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

அதாலதான் அடுத்த விசயம். சிக்கிள் நோவ அளந்து காட்ட எக்ஸ்ரே இல்ல, ரத்த டெஸ்ட் இல்ல. பிரஷர், நாடித்துடிப்பு எல்லாம் சரியா இருந்துகொண்டே ஒராள் எலும்பு உடையுற மாதிரி நோவில இருக்கலாம். "போன் பாத்துக்கொண்டு இருக்கிறா, உண்மையா நோகுதா?" எண்டு என்னட்ட ஒரு தாதி கேட்டா, புதுசா வந்த பிள்ளை, கெட்ட எண்ணத்தில கேக்கயில்ல. நான் அவவ கட்டிலடிக்கு கூட்டிக்கொண்டு போனன். போன்ல ஏதோ நாடகம் ஓடுது, மற்றக் கையால கட்டில் கம்பிய பிடிச்சிருக்கிறா, விரல் வெளுத்துப் போயிருக்கு. கத்தினா ஆரும் நம்பப் போறதில்ல எண்டு சின்ன வயசிலயே பழகின பிள்ளைகள் இப்பிடித்தான் நோவத் தாங்கும். நோகுது எண்டு அவங்க சொன்னா நோகுது, அதுக்கு மேல அளக்கிறதுக்கு எங்களிட்ட கருவி இல்ல. வந்து 1 மணித்தியாலத்துக்குள்ள நோவுக்கு மருந்து, பிறகு 30 நிமிசத்தில இருந்து 60 நிமிசத்துக்குள்ள திரும்பப் பாக்கணும் எண்டு அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின்ட 2020 வழிகாட்டியில இருக்கு. பிரித்தானிய வழிகாட்டி 2012லயே சிக்கிள் நோவுக்கு பெதிடின் எண்ட நோவு மருந்து வேணாம் எண்டு சொல்லிட்டுது.

மோர்பின் எண்டா உடன அடிமையாகிடும் எண்ட பயம். நோவுக்கு டொக்டர் பாத்துக் குடுக்கிற அளவில எடுக்கிற ஆளுக்கு காலப்போக்கில கூட டோஸ் தேவைப்படலாம், சட்டெண்டு நிப்பாட்டினா உடம்பு பதறும், அது உடம்பு மருந்துக்குப் பழகிறது. அடிமைத்தனம் வேற விசயம், அதையும் நாங்க கவனிச்சுக்கொண்டுதான் இருக்கிறம். மலச்சிக்கல் வரும், அதுக்கு முதல் நாளே மருந்து தருவம்.

கிளினிக்கில நாங்க என்ன செய்றம் எண்டா, முதல் நாள் ஒரு மணித்தியாலம் கதைக்கிறம். மனிச உருவம் கீறின பேப்பர் ஒண்டக் குடுத்து எங்க நோகுது எண்டு பேனையால காட்டச் சொல்லுவம். இந்தப் பிள்ளை முதுகு, தொடை, நெஞ்சு எல்லாம் கீறிட்டு தலைக்கு மேல ஒரு வட்டம் போட்டா, கேட்டா ஏ/எல் பரீட்சைய ரெண்டு தரம் எழுத ஏலாமப் போனதாம். அதுக்கும் இடம் இருக்கு, அதப்பத்தியும் கதைப்பம். பிறகு ஒரு பக்கத்தில எழுதித் தருவம், என்ன வருத்தம், எந்த மருந்து எவ்வளவு குடுத்தா இவவுக்குக் கேக்கும், எது ஒத்துக்கொள்ளாது எண்டு. அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு கிளினிக் கொப்பியோட வச்சிருங்க. ராத்திரி 2 மணிக்கு உங்களத் தெரியாத டொக்டருக்கு முன்னால நோவோட நிண்டு கதை சொல்ல ஏலாது, அந்தப் பேப்பர் சொல்லும்.

வீட்டில இருக்கிற ஆக்களுக்கு. ஐஸ் வைக்கவே வேணாம், குளிர் பட்டா அடைப்பு கூடும், சூடு தாங்குற அளவில சுடுதண்ணி ஒத்தணம் குடுங்க. விடியக்காலம கிணத்துப் பச்சத்தண்ணியில குளிக்கிறது, மாரி மழையில நனையுறது வேணாம். பனடோல் பெரிய ஆக்கள் எண்டாலும் 24 மணித்தியாலத்தில 8 குளிசைக்கு மேல போடக்கூடாது, நோ கூட எண்டு பத்துப் பன்னிரண்டு போட்டு ஈரலப் பழுதாக்காதீங்க. ரத்தம் குறைவு எண்டு கடையில இரும்புச்சத்து டொனிக் வாங்கிக் குடுக்காதீங்க, ரத்தம் ஏத்துற ஆளுக்கு இரும்பு ஏற்கனவே கூட. 38.5 செல்சியசுக்கு மேல காய்ச்சல், நெஞ்சு நோ, மூச்சு முட்டு, ஒரு பக்கக் கை கால் வழங்காமப் போறது, பேச்சுக் குழறுறது, இதில எது வந்தாலும் உடன 1990. விடியட்டும் எண்டு இருக்காதீங்க.

இன்னொண்டு, தயவுசெய்து கேளுங்க. மூதூர் பக்கத்தால, வெருகல் பக்கத்தால வாற பொம்பிளப் பிள்ளைகள் வழியில பாத்ரூம் இல்ல எண்டு முதல் நாள் ராவில இருந்தே தண்ணி குடிக்காம பஸ் ஏறி வருதுகள். கிண்ணியாப் பாலம் தாண்டி எங்களிட்ட வந்து சேரேக்க உதடு காஞ்சு போய் இருக்கும், இந்த வருத்தத்துக்கு அதே காணும் நோவத் தொடக்கிறதுக்கு. நாங்க வெறும் வயித்தில வரச்சொல்லிச் சொல்லயில்ல. குடிச்சிட்டு வாங்க, போத்தலும் கொண்டு வாங்க, வந்தவுடன பாத்ரூம் எங்க எண்டு என்னட்ட கேளுங்க, நான் காட்டுறன்.