பாறையை மண்ணில் உட்காரவைப்பது எப்படி?

கணினியில் மலைச்சரிவு ஒன்றை உருவாக்கி, தனியாகச் செய்த பாறை மாடலை அதன்மேல் வைக்கிறோம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் அருமை. சேர்த்துப் பார்த்தால் வெட்டி ஒட்டிய படம்போல் பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. பலரும் உடனே பாலிகன் (மாடலின் பரப்பை உருவாக்கும் சிறு தட்டைத் துண்டுகள்) எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். அதனால் பயனில்லை. பாறையும் மண்ணும் சந்திக்கும் கோட்டில்தான் கண் முதலில் போய் நிற்கிறது.

அதற்குமுன் நிலத்தைச் சோதியுங்கள். நிலத்தின் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் சாம்பல் நிற அளவாகச் சேமிக்கும் உயரப்படம் 8 பிட்டாக இருந்தால் அதில் 256 படிகள்தான் உண்டு. 500 மீட்டர் ஏற்ற இறக்கத்தை அதில் அடக்கினால் ஒரு படி ஏறக்குறைய 2 மீட்டர். சரிவு படிக்கட்டாகிவிடும், பாறையின் ஒருபுறம் புதைந்து மறுபுறம் அந்தரத்தில் தொங்கும். 16 பிட்டில் ஒரு படி 8 மில்லிமீட்டருக்கும் குறைவு.

இனி சந்திப்புக் கோடு. பாறையில் கால்பங்கு முதல் மூன்றில் ஒருபங்கு வரை மண்ணுக்குள் இறக்குங்கள். சரிவில் மேலிருந்து அரித்து வரும் மண் பாறையின் மேட்டுப் பக்கம் சேரும், பள்ளப் பக்கம் பாறை கூடுதலாக வெளியே தெரியும். இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் நேற்றுக் கொண்டுவந்து வைத்த கல்போல் இருக்கும். பிறகு ஷேடரில் (பரப்பின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணக்கிடும் நிரலில்), தரையிலிருந்து பாறைப் பரப்பின் உயரத்தைக் கணக்கிட்டு, 0 சென்டிமீட்டரில் முழு மண், 25 சென்டிமீட்டரில் முழுப் பாறை என்று கலக்க வேண்டும். இதை அப்படியே விட்டால் சுவருக்குப் பட்டை அடித்ததுபோல் நேர்கோடு தெரியும். பெர்லின் நாய்ஸால் (இயற்கையாகத் தோன்றும் ஒழுங்கற்ற ஏற்ற இறக்க எண்களால்) அந்த உயரத்தைக் கலைத்தால் மண் சில இடங்களில் விரல்போல் மேலேறும்.

நிறத்தை மட்டும் கலந்து நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மண் நிறம் பாறைமேல் ஏறினாலும் வெளிச்சம் அந்த மடிப்பில் சட்டென்று முறியும். நார்மல்களையும், அதாவது பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெளிச்சத்துக்குச் சொல்லும் திசைகளையும், கலக்க வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையர் என்ற கருவி மூலம் நிலத்தின் நார்மலைப் பாறையின் அடிப்பகுதி வெர்டெக்ஸ்களுக்கு (மூலைப் புள்ளிகளுக்கு) மட்டும் கடத்தலாம். அன்ரியல் என்ற கேம் எஞ்சினில் நிலத்தின் நிறம், நார்மல், உயரம் மூன்றையும் ரன்டைம் விர்ச்சுவல் டெக்ஸ்சரில் (ஓடும்போதே நிரப்பப்படும் படத்தில்) எழுதி, பாறையின் மெட்டீரியல் (பரப்பின் தோற்ற அமைப்பு) அதைப் படிக்கும்படி செய்யலாம். கடைசியாகக் கோட்டை ஒட்டிக் கூழாங்கல்லும் புல்லும் தூவினால் மிச்சமுள்ள தையலும் மறையும்.

நார்மல்களை நிறங்களாகச் சேமிக்கும் படமான நார்மல் மேப்பில் ஒரு பொறி உண்டு. பிளெண்டர் ஓப்பன்ஜிஎல் முறையைப் பின்பற்றுகிறது, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறையை; இரண்டிலும் மேல்-கீழ் திசையைக் குறிக்கும் பச்சை நிற அடுக்கு ஒன்றுக்கொன்று தலைகீழ். அந்தப் பச்சைச் சேனலைத் திருப்பாமல் படத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோனால் மேடு பள்ளமாகத் தெரியும், பாறைக்கு மட்டும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். நிஜப் பாறையின் புகைப்படங்களிலிருந்து உருவாக்கும் ஃபோட்டோ ஸ்கேன் பாறைகளில் வெயில் நிழல் நிறத்திலேயே பதிந்திருந்தாலும் இதே குழப்பம்தான்: காட்சியில் இரண்டு சூரியன். அதனால்தான் மேகமூட்டமான நாளில் ஸ்கேன் செய்கிறார்கள்.

காட்சிக்கு வெயில் தரும் சூரிய விளக்கின் கோண அகலம், நிஜச் சூரியனைப்போல் 0.53 டிகிரி இருக்க வேண்டும். அதன்படி 10 மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு குறைந்தது 9 சென்டிமீட்டர் மங்கும். அகலத்தைப் பூஜ்ஜியமாக விட்டால் நிழல் பிளேடால் வெட்டியதுபோல் விழுந்து பொய் சொல்லும்.

தொலைவில் வைக்கும் பாறைக்குக் காற்றும் வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் ரேலி சிதறலில் 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட 4 மடங்குக்கும் மேல் சிதறுகிறது. ஆகவே தூரத்து நிழல்களின் கருமைதான் முதலில் நீலமாக வெளுக்கும். பாறையைத் தனியே ரெண்டர் செய்து (படமாக்கி) பின்னால் சேர்ப்பதானால் இந்த மூட்டத்தை, ஒவ்வொரு பிக்சலின் தூரத்தையும் சேமிக்கும் டெப்த் பாஸ் கொண்டு கொடுக்க வேண்டும். அந்தப் பாஸின் விளிம்புகளை மென்மையாக்கியிருந்தால் பாறையின் தூரமும் வானத்தின் தூரமும் கலந்த போலி எண்கள் அங்கே உட்கார்ந்துவிடும். பாறையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும்.