டெரி ஷைவோ எழுதி வைக்காத தாள்

"அப்பா என்னைப் பார்க்கிறார், டாக்டர். கூப்பிட்டதும் கண்ணில் நீர் வந்தது." தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இதைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதமும் கழிவதில்லை. கூடவே ஒரு கைபேசி நீளும். அதில் பதினைந்து விநாடிக் காணொளி இருக்கும். துபாயில் இருக்கும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன செலவானாலும் எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்பார். பல இரவுகள் கட்டிலருகே விழித்திருந்த தங்கை ஒன்றும் பேசாமல் நிற்பார்.

அப்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழ்ந்த டெரி ஷைவோ நினைவுக்கு வருகிறார்.

1990 பிப்ரவரி 25 அதிகாலை. 26 வயது டெரி வீட்டில் சரிந்து விழுந்தார், இதயம் நின்றுவிட்டது. இதயத்தை மீட்டார்கள். அதற்குள் பிராணவாயு கிடைக்காமல் பெருமூளை பெரும்பாலும் அழிந்திருந்தது. பின்னர் மூச்சு தானாகவே ஓடியது. விழுங்க முடியாததால் வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக உணவு போனது. பதினைந்து ஆண்டுகள் அப்படியே இருந்தார்.

குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். கண் திறப்பது, மூடுவது, தூங்கி விழிப்பது எல்லாம் மூளைத்தண்டின் வேலை. முனகலும் கொட்டாவியும் முகச் சுளிப்பும்கூட உணர்வில்லாமலே வரும். பார்த்ததைப் பார்த்ததாக அறியப் பெருமூளை வேண்டும். ஆகவே ஒரு தடவை பார்த்து நாங்கள் முடிவு சொல்வதில்லை. முகத்தின் முன் கண்ணாடியை நகர்த்திக் கண்கள் தொடர்கின்றனவா என்று பார்ப்போம். ஒரே கட்டளையை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வேளைகளில் திரும்பத் திரும்பச் சொல்வோம். மெல்லிய உணர்வு மிச்சமிருப்பதை மருத்துவர்களே தவறவிட்டதும் உண்டு. தலையில் அடிபட்டவர்களுக்கு மாதங்கள் கழித்தும் உணர்வு திரும்பலாம். இதயம் நின்று மூளை கெட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. இந்த வேறுபாட்டை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டெரியின் கணவர் மைக்கேலும் பெற்றோர் ஷிண்ட்லர் தம்பதியரும் முதலில் ஒன்றாகத்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். மருத்துவ இழப்பீட்டுப் பணம் வந்த பிறகு, 1993இல், பேச்சு முறிந்தது. (எந்த ஊரானாலும் இது மாறுவதில்லை.) 1998இல் குழாயை அகற்ற மைக்கேல் நீதிமன்றம் போனார். "இப்படி வாழ விரும்பமாட்டேன் என்று அவளே சொன்னாள்" என்றார் அவர். கத்தோலிக்கப் பெண் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள் என்றார்கள் பெற்றோர். எழுத்தில் ஒன்றுமில்லை. சாதாரணப் பேச்சுவாக்கில் அவர் சொன்னதாகச் சிலர் அளித்த சாட்சியத்தை வைத்தே, குழாயை அகற்றலாம் என்று நீதிபதி ஜார்ஜ் கிரியர் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

குழாய் 2001இல் அகற்றப்பட்டு இரண்டு நாளில் மீண்டும் பொருத்தப்பட்டது. 2003இல் அகற்றியபோது, மாநிலச் சட்டமன்றம் அவருக்கென்றே ஒரு சட்டம் இயற்ற, ஆளுநர் ஜெப் புஷ் திரும்பப் பொருத்தச் செய்தார். அச்சட்டம் அடுத்த ஆண்டே செல்லாததாயிற்று. 2005 மார்ச்சில் மூன்றாவது முறை அகற்றியதும் நாடாளுமன்றம் அவசரமாகக் கூடியது. வழக்கை மத்திய நீதிமன்றங்கள் மீண்டும் விசாரிக்க வழிசெய்யும் சட்டத்தில், டெக்சாஸிலிருந்து பறந்து வந்த அதிபர் ஜார்ஜ் புஷ் (ஜெப்பின் அண்ணன்) நள்ளிரவு கடந்து கையெழுத்திட்டார். அந்த நீதிமன்றங்களும் குழாயைத் திரும்பப் பொருத்த உத்தரவிடவில்லை.

டெரியின் கண்கள் பலூனைத் தொடர்வதுபோல் தெரிந்த காட்சி அந்நாட்களில் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடியது. மணிக்கணக்கான பதிவிலிருந்து வெட்டியெடுத்த சில நிமிடங்கள் அவை. செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் பில் ஃபிரிஸ்ட் இதய அறுவை மருத்துவர்; அவரே காணொளியைப் பார்த்துவிட்டு, டெரிக்கு உணர்வில்லை என்ற நோய் நிர்ணயத்தை அவையில் சந்தேகித்தார். என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் செய்த அந்தக் காரியத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. மார்ச் 31 அன்று டெரி இறந்தார். பிணக்கூறாய்வில் மூளையின் எடை 615 கிராம், இருக்கவேண்டியதில் ஏறத்தாழப் பாதி. பார்வைக்கான பகுதியும் அழிந்திருந்தது. பலூனை அவர் பார்க்கவேயில்லை.

இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றது. 2023இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்து. உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேசவேண்டியவர் யார் என்றும் அதில் குறிப்பிடலாம். எழுதிவிட்டால் குழாயை உடனே பிடுங்கிவிடுவார்கள் என்று அஞ்சவேண்டாம்; இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்த பின்னரே அது செயலுக்கு வரும். "எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்றும் எழுதிவைக்கலாம்; அதுவும் விருப்பம்தான்.

நான் இந்தப் பேச்சை எடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமாக ஏன் டாக்டர்?" என்பார்கள். நாள் பார்த்துப் பேசுவதற்கு டெரிக்கு அன்று 26 வயதுதான்.

அவருடைய கல்லறைக் கல்லில் மைக்கேல் இரண்டு தேதிகளைப் பொறித்திருக்கிறார். மண்ணுலகை நீங்கியது 1990 பிப்ரவரி 25. அமைதி அடைந்தது 2005 மார்ச் 31. கீழே, வாக்கைக் காப்பாற்றினேன் என்று ஒரு வரி. பெற்றோர் அந்த வரியை ஏற்கவில்லை.