மூக்குக்குக் ‘கரண்ட்’ வைப்பது எப்படி?

பெரம்பூரில் மரவேலை பார்த்த என் பெரியப்பாவுக்கு வலது மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்திருந்தது. சைனஸ் என்று ஆவி பிடித்தார். ரத்தம் கசிந்தபோதும் உடல் சூடு என்று விட்டுவிட்டார். மூக்குப் புற்று பெரும்பாலும் இப்படித்தான் தாமதமாகப் பிடிபடுகிறது. ஒரே பக்கம் விடாமல் அடைத்தால் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். வருடக்கணக்கில் மரத்தூளைச் சுவாசிப்பது இந்தப் புற்றுக்கு உறுதியான காரணங்களில் ஒன்று.

அறுவை சிகிச்சை முடிந்ததும் “கரண்ட் வைக்கணும்” என்றார்கள். கதிர்வீச்சுக்கு நம் ஊரில் அதுதான் பெயர். ஆனால் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. இயந்திரத்துக்குள் எலக்ட்ரான்கள் அசுர வேகத்தில் ஓடி உலோகத்தில் மோதுகின்றன. அப்போது பிறக்கும் எக்ஸ் கதிர்கள் செல்லின் டி.என்.ஏ. இழையை அறுக்கின்றன. நல்ல செல் அதை ஓரளவு ஒட்டுப்போட்டுக்கொள்ளும். புற்றுசெல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் மொத்தமாகக் கொடுக்காமல் நாளுக்குச் சுமார் 2 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரம் 5 நாள் என்று 6, 7 வாரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். மொத்தம் 60 முதல் 70 கிரே. நடுவில் நாள் தவறினால் மிச்சமிருக்கும் புற்றுசெல்கள் பெருகிவிடும், அதனால் மழையானாலும் போயே ஆக வேண்டும்.

கண் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது. அது தாங்குவது 54 கிரே அளவுதான். அதனால் தலை துளியும் அசையக் கூடாது. வெந்நீரில் போட்டதும் அப்பளம்போலத் துவளும் ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்தில் இழுத்துப் படிய வைத்தார்கள். சில நிமிடத்தில் ஆறி இறுகிவிட்டது. மூக்கு, தாடை, நெற்றி எல்லாம் அச்சு அசலாக! தினமும் அதைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். கதிர்கள் பல கோணங்களிலிருந்து வந்து கட்டி இருந்த இடத்தில் குவியும். சென்னைத் தரமணியில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சையும் இருக்கிறது. அதில் எக்ஸ் கதிருக்குப் பதில் புரோட்டான் என்ற அணுத்துகளைச் செலுத்துகிறார்கள். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும், அதைத் தாண்டியிருக்கும் திசுவுக்குப் பாதிப்பு குறைவு.

மூன்றாவது வாரம் வாய்ப்புண், மூக்கில் பொருக்கு. உப்புநீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

குணமாகுமா? மூக்குக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது பிடித்தால் நல்ல வாய்ப்பு உண்டு. கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்கோ (நிணநீர் முடிச்சுகள்) மண்டையோட்டின் அடிப்பகுதிக்கோ பரவியிருந்தால் அது குறையும். திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2, 3 வருடத்துக்குள், அதே இடத்தில்தான் வரும். அதனால் பெரியப்பா சில மாதங்களுக்கு ஒருமுறை மூக்கில் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்கிறார். தேக்கு வாசம் மட்டும் இன்னும் முழுசாகத் தெரியவில்லையாம்.