வைஃபை கிடைத்தது, இணையம் எங்கே?

சென்னை சென்ட்ரலில் கோவை ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து ஸ்டேஷன் வைஃபையைத் தொட்டதும் இணைந்துவிட்டது. சிக்னல் முழுசாக இருந்தது, ஆனால் கீழே ‘இணையம் இல்லை’ என்று ஒரு வரி. போன் நம்பர் கேட்கும் லாகின் பக்கம் வரவே இல்லை. “எனக்கு வந்துடுச்சே அண்ணா” என்று பக்கத்து இருக்கை மாணவி தன் திரையைக் காட்டினார்.

கோளாறு என் லேப்டாப்பில்தான். அது புரிய, அந்தப் பக்கம் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்.

வைஃபையில் இணைவது வேறு, இணையத்துக்குள் போவது வேறு. இணைந்ததும் லேப்டாப்புக்கு ஒரு ஐபி முகவரி, அதாவது அந்த நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கிடைக்கிறது. அதோடு சரி, வெளிக்கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கும். உடனே லேப்டாப் நம்மிடம் சொல்லாமலே ஒரு சோதனை செய்கிறது. விண்டோஸ் என்றால், மைக்ரோசாஃப்டின் முகவரி ஒன்றில் ஒரு குட்டி ஃபைலைக் கேட்கும். ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்றே சொற்கள்தான் அதில் உண்டு. ஆப்பிள் கருவிகள் ‘சக்சஸ்’ என்ற சொல்லை எதிர்பார்க்கும். ஆண்ட்ராய்டுக்கு 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் வந்தால் போதும். கேட்டதற்குப் பதிலாக வேறு எதுவோ வந்தால், வழியில் யாரோ மறிக்கிறார்கள் என்று அர்த்தம்.

மறிப்பது வைஃபையின் கேட்வே, அதாவது வைஃபைக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் வாசல் கருவி. கேள்வியை வழியிலேயே பிடித்து, லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. சோதனை, தகவலைப் பூட்டாமல் அனுப்பும் எச்டிடிபி முறையில் போவதால்தான் இது முடிகிறது. பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் தளத்துக்கு நடுவில் புகுந்து பதில் சொன்னால், தளத்தின் அடையாளச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று பிரௌசர் எச்சரித்துவிடும். அதனால் லாகின் பக்கம் வராதபோது ஜிமெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்து பயனில்லை. நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் போல எச்டிடிபியிலேயே இயங்கும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் லாகின் வந்துவிடும்.

என் லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது. நம் தகவலைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் செயலி அது. அது இணையும்வரை வேறு எதுவும் வெளியே போகக் கூடாது என்று நானே அமைத்திருந்தேன். விபிஎன் இணைவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு லாகின் வேண்டும், லாகின் பக்கத்தை விபிஎன் விடவில்லை. அதை அணைத்ததும் பக்கம் வந்தது. ஓடிபி போட்டு உள்ளே போனதும் முதல் வேலையாக விபிஎன்னைத் திரும்பப் போட்டேன்.

ஓடிபி சரியானதும் கேட்வே பொதுவாக லேப்டாப்பின் மேக் முகவரியை, அதாவது அதன் வைஃபை அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளும். தனியுரிமைக்காக அந்த முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் மறுபடி லாகின் கேட்கலாம்.

கூட்டம் ஏறினால் வேகம் ஏன் விழுகிறது? ஒரு சேனலில், அதாவது ஒரு அலைவரிசையில், ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்தால் அதையே எடுங்கள்.

பாஸ்வேர்ட் கேட்காத வைஃபையில் காற்றில் போகும் தகவலுக்குப் பெரும்பாலும் பூட்டே கிடையாது. அருகில் இருக்கும் யாரும் அதைப் பிடித்துக் கேட்கலாம். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்பதால் உள்ளடக்கம் தப்பிவிடும், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது மட்டும் பல நேரம் தெரிந்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை போலி ஹாட்ஸ்பாட். இப்படிப்பட்ட வைஃபையை அதன் பெயரை வைத்துத்தான் லேப்டாப் அடையாளம் காண்கிறது. அதே பெயரில் ஒருவர் தன் பைக்குள் ஒரு ஹாட்ஸ்பாட் வைத்திருந்தால், முன்பு சேமித்த பழக்கத்தில் அதோடும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். போன் நம்பரும் ஓடிபியும் கேட்பது வழக்கம்தான். மெயில் பாஸ்வேர்டைக் கேட்கும் பக்கம் வந்தால் அப்படியே மூடிவிடுங்கள்.

வண்டி கிளம்பிப் பெரம்பூரைத் தாண்டுவதற்குள், சேமித்த பட்டியலிலிருந்து ஸ்டேஷன் வைஃபையின் பெயரை நீக்கிவிட்டேன்.