செயலிக்கு இடுவது ஒப்பம்

‘ஏபிகே கோப்பை முத்திரையிடவும்.’ நாகர்கோவில் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளிடையே கைமாறும் ஆண்ட்ராய்டு பாடக்குறிப்புகளில் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவ உதவும் கோப்பு. பாடம் நடத்தும் காணொளிகளிலும் இதையே சொல்கிறார்கள். கட்டளைவரியில் செயலியை உருவாக்கி முடித்ததும் அதை ‘சைன்’ செய்கிறோமே, அந்தப் படிக்குத்தான் இந்தப் பெயர். இது தவறு. அந்த வேலைக்குத் தமிழில் பெயர் ஒப்பமிடுதல்.

முதலில் ஆங்கிலச் சொல். ‘சைன்’ லத்தீனின் ‘சிக்னும்’ என்பதிலிருந்து வந்தது. குறி, அடையாளம் என்று பொருள். அதன் வினைச்சொல்லுக்கு முத்திரை வைத்தல் என்ற பொருளும் இருந்தது உண்மை. முத்திரை என்பவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் நாம் பெயர் வைக்க வேண்டியது ரோமாபுரியின் மெழுகுக்கு அல்ல. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் முன்வைத்து, அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையாகச் செய்துகாட்டிய ஒரு கணக்குக்குத்தான் பெயர் வேண்டும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஒத்தல் என்ற வினையிலிருந்து ஒப்பு, ஒப்பம். ஒப்புக்கொள்ளுதல், ஒப்படைத்தல், ஒப்பிடுதல், ஒப்புநோக்குதல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கையால் இடும் ஒப்பம் கையொப்பம். இலங்கைத் தமிழர் இன்றும் ‘ஒப்பமிட்டார்’ என்று எழுதுவதுண்டு. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் கல்குளம், விளவங்கோடு பக்கம், யாரும் கையெழுத்து என்று மெனக்கெடுவதில்லை. ‘மக்களே, இதில ஒரு ஒப்பு போடு’ என்பதுதான் பேச்சு. இதைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் ‘அது மலையாளம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தோம் என்பதற்காக எங்கள் வாயில் வரும் நல்ல சொல்லெல்லாம் மலையாளமாகிவிடுமா? கையொப்பம் தமிழ் என்றால் அதன் பின்பாதி மட்டும் எப்படி அயலாகும்? மலையாளத்திலும் ‘ஒப்பு’ இருக்கிறது என்றால், அது இரு மொழிக்கும் பொதுச்சொத்து. அவ்வளவுதான்.

முத்திரை வடசொல் என்பது எனக்கு இரண்டாவது குறைதான். சாவி போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல். அதை நான் தயங்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பொருள் குழம்பவில்லை. முத்திரையில் பொருளே குழம்புகிறது.

அரசு அதிகாரியின் ரப்பர் முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு தாளில் குத்தினாலும் நூறிலும் ஒரே உரு. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. செயலிக்கு இடும் ஒப்பம் இதற்கு நேர்மாறு. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு, ஷா-256 போன்ற ஒரு முறையில் சிறிய சுருக்க எண் ஒன்றைப் பெறுகிறார்கள். அந்த எண்ணின் மேல் உருவாக்குநர் யாருக்கும் தராமல் வைத்திருக்கும் தனிச்சாவி வேலை செய்கிறது; சாவி என்பது இங்கே ஒரு பெரிய எண்தான். விளைவாக வருவதுதான் ஒப்பம். உள்ளே ஒரு பிட் மாறினாலும் ஒப்பம் வேறாகிவிடும். பெறுகிற கைபேசி என்ன செய்கிறது? தானும் அதே சுருக்கத்தைக் கணக்கிட்டு, அந்தத் தனிச்சாவிக்கு இணையாக எல்லோருக்கும் தரப்படும் பொதுச்சாவியின் துணையோடு இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. இடுவது ஒப்பு, சரிபார்ப்பது ஒப்பிடல். எங்கள் ஊரில் ‘ஒப்பிடு’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். இந்தக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் சொற்சண்டை இல்லை. செயலியைக் கட்டித்தரும் கருவியான கிரேடில், ‘அசெம்பிள் ரிலீஸ்’ கட்டளையை முடித்துத் தந்த ஏபிகேயை முதலில் ‘ஜிப்அலைன்’ கருவி கொண்டு உள்ளிருக்கும் தரவின் இடங்களை வரிசைப்படுத்தி, அதன் பிறகுதான் ‘ஏபிகேசைனர்’ என்ற ஒப்பக் கருவி கொண்டு ஒப்பமிட வேண்டும். பழைய ‘ஜார்சைனர்’ கருவியின் முறையில் இந்தப் படிகள் தலைகீழ். அது உள்ளிருக்கும் கோப்புகளைத் தனித்தனியாகப் பார்த்ததால் வரிசைப்படுத்தலைக் கடைசியில் செய்தார்கள். 2016இல் ஆண்ட்ராய்டு 7.0 கொண்டுவந்த இரண்டாம் ஒப்ப முறை ஏபிகே முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. ஒப்பமிட்ட பின் ‘ஜிப்அலைன்’ ஓட்டினால் அந்த ஒப்பம் செல்லாது. முத்திரை என்று படித்த பிள்ளை என்ன நினைக்கும்? மேலே குத்தியது குத்தியபடி இருக்கும், உள்ளே கொஞ்சம் சீர்செய்தால் என்ன என்றுதான். அப்புறம் கைபேசி நிறுவ மறுக்கிறது என்று வந்து நிற்கிறார்கள். ஒப்பம் என்று படித்திருந்தால், உள்ளே எதையாவது மாற்றினால் ஒப்பு கெடும் என்பது சொல்லிலேயே தெரிந்திருக்கும்.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. முத்திரை என்றதும் நமக்கு அக்மார்க், ஐஎஸ்ஐ நினைவு வருகிறது. யாரோ மேலிருந்து பார்த்துத் தரம் சொன்னது என்ற எண்ணம். ஆண்ட்ராய்டில் ‘கீடூல்’ என்ற கருவி கொண்டு வீட்டிலேயே சாவி உருவாக்கி, பொதுச்சாவியைத் தாங்கிய தன் சான்றிதழுக்குத் தானே ஒப்பமிட்டுக்கொள்ளலாம். யார் அனுமதியும் வேண்டாம். ஒப்பமிட்ட செயலி என்றால் பாதுகாப்பான செயலி என்று பொருளல்ல. ஒப்பமிட்ட பின் இது மாறவில்லை, முந்தைய பதிப்பை வெளியிட்டவரின் சாவிதான் இதிலும் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேயைத் தட்டி நிறுவிப் பணத்தை இழக்கிற காலத்தில், அதற்குப் போய் முத்திரை என்று பெயர் சூட்டுவது பொறுப்பில்லாத செயல். ஆப்பிள் வழியில் சான்றிதழை அந்த நிறுவனமே தருகிறது, சரி. அங்கும் ‘கோட்சைன்’ கட்டளையை ஓட்டி ஒப்பமிடுவது உருவாக்குநர்தான், தன் தனிச்சாவியால்தான்.

கையெழுத்து என்பவர்களுக்கும் ஒரு சொல். கையும் இல்லை, எழுத்தும் இல்லை. ‘கையெழுத்திட்ட செயலி’ என்றால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கையொப்பம் பரவாயில்லை, ஆனால் கை வேண்டாத இடத்தில் அதை ஏன் சுமக்க வேண்டும்? மின்னொப்பம் என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். செயலிகளைப் பற்றிப் பேசும்போது ஒப்பம் என்று சுருக்கினாலே போதும். ஒப்பமிடுதலுக்கு மணியை மெருகேற்றுதல் என்ற பழைய பொருளும் உண்டே என்று கேட்பார்கள். செயலியை யாரும் மெருகுக்கல்லில் தேய்க்கப்போவதில்லை; இடம் பொருளைக் காட்டிவிடும்.

சிக்கலின் வேர், கட்டளையை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் மொழிபெயர்ப்பதுதான். அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். ‘சைன்டு இன்டிஜர்’ என்பதைக் ‘கையொப்பமிட்ட முழு எண்’ என்று எழுதியிருந்த ஒரு பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ‘சைன்’ என்பது கூட்டல் கழித்தல் குறி. குறியுடைய முழு எண் என்று எழுத வேண்டும். எழுதியவர் நிரல் எழுதியவராக இருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

ஒப்பம் வந்துவிட்டால் மற்றவை தானே அமையும். ஒப்பமிடாத ஏபிகே, ஒப்பச் சாவி, சாவிகளை வைக்கும் கோப்புக்குச் சாவிப்பெட்டி. ‘ஏபிகேசைனர் வெரிஃபை’ செய்வது ஒப்பம் சரிபார்த்தல். பிளே ஸ்டோருக்கு ஏற்றும்போது மட்டும் பயன்படும் சாவி ஏற்றுச்சாவி. கூகுள் வைத்துக்கொண்டு, பயனருக்கு அனுப்பும் கோப்புக்கு ஒப்பமிடப் பயன்படுத்துவது ஒப்பச் சாவி. இந்த இரண்டையும் குறிப்புகளில் ‘முத்திரைச் சாவி’ என்று ஒன்றாக்கிவிடுவதால், எது தொலைந்தால் மாற்றித் தரக் கேட்கலாம், எதைத் தொலைக்கவே கூடாது என்று பிள்ளைகளுக்குப் புரியாமல் போகிறது. ஆண்ட்ராய்டு 9இல் வந்த மூன்றாம் ஒப்ப முறையில், பழைய சாவி புதிய சாவியை ஒப்புக்கொண்டு பொறுப்பை மாற்றித் தரும் வசதி உண்டு. அதைச் ‘சாவிச் சுழற்சி’ என்று எழுதுகிறார்கள். எதுவும் சுழலவில்லை. சாவி மாற்றம் என்று எழுதுங்கள்.